புதுப்பிப்பு: அங்கோரில் ஒரு நாள் போதுமா?

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் அங்கோர் கோயில்களைப் பார்க்க 37 டாலர் ஒரு நாள் சீட்டு போதுமா, 62 டாலர் மூன்று நாள் சீட்டு எடுக்கவா என்று. பெரும்பாலானோர் மூன்று நாள் என்றீர்கள். உங்கள் பேச்சைக் கேட்காமல் ஒரு நாள் சீட்டே எடுத்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

விடியற்காலையில் அங்கோர் வாட். குளக்கரையில் கூட்டமோ கூட்டம், சூரியனோ மேகத்துக்குள். அப்புறம் உள்ளே போய், கிழக்குச் சுற்றுமண்டபத்தில் பாற்கடல் கடையும் சிற்பத்தைப் பார்த்ததும் கால் நகரவில்லை. கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம்! ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், நடுவில் திருமால். பாட்டி சொன்ன கதையைக் கம்போடியரின் கெமர் முகங்களில் பார்ப்பது தனி அனுபவம். அங்கேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. மேல்தளத்துக்குப் போக முடியவில்லை. முழங்கால் தெரியும் அரைக்கால் சட்டை, தப்பு என்னுடையதுதான். தா ப்ரோம் கோயிலில் மரவேர்களைப் பார்த்ததோடு சரி. பாயோன் கோயில் ஓட்டமும் நடையும்.

மாலையில் பழைய சந்தை, அவர்கள் மொழியில் ப்சார் சாஸ். ப்ராஹோக் என்ற புளித்த மீன் விழுது வாசனை நம்மூர்க் கருவாட்டுக் கடையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பனஞ்சர்க்கரை வாங்கினேன், அங்கேயும் அதே பனைமரம்தான். ஓரம் கிழிந்த டாலர் நோட்டைக் கடைக்காரம்மா தொடவே இல்லை, நல்ல நோட்டாகக் கொண்டுபோங்கள். மீதிச் சில்லறை அந்த நாட்டுப் பணமான ரியலில் வரும், டாலருக்குச் சுமார் 4000.

பாயோனுக்காக இன்னொரு சீட்டு வாங்கிவிட்டேன். சிரிக்காதீர்கள்.