ரோர் ஸ்ட்ராண்ட்: விசுவாசமா, சொகுசா?

வடதிசை: நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரக் கால்பந்து அணியான ரோசன்போர்க்குக்கு 1989 முதல் 2010 வரை ஆடிய ரோர் ஸ்ட்ராண்டின் பெயரை எடுத்தாலே எல்லோரும் 'விசுவாசம்' என்று உருகுகிறீர்கள். 16 லீக் பட்டங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1992 முதல் 2004 வரை அந்த அணி தொடர்ந்து 13 முறை சாம்பியன். போட்டிக்கு ஆளே இல்லாத இடத்தில் பட்டம் குவிப்பதில் என்ன பெருமை? கூட ஆடிய லியோனார்ட்சென் இங்கிலாந்தின் விம்பிள்டனுக்கும் பிறகு லிவர்பூலுக்கும் போனார். ஹெக்கெமும் லிவர்பூல் போனார். ஸ்ட்ராண்ட் ட்ரொண்ட்ஹைமை விட்டு நகரவில்லை. பயம் என்று சொல்லவில்லை, சொகுசு என்கிறேன்.

லெர்கென்டால் ரசிகன்: உள்ளூர் லீக் எளிது என்றே வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவுமா எளிது? 1995 தொடங்கி எட்டுப் பருவங்கள் இடைவிடாமல் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்று. 1996 டிசம்பரில், அடுத்த சுற்றுக்குப் போக டிரா செய்தாலே மிலானுக்குப் போதும். அதன் சொந்த மைதானமான சான் சீரோவில் வைத்தே 2-1 என்று அதை வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு ரியல் மாட்ரிட் ட்ரொண்ட்ஹைம் வந்து 2-0 என்று தோற்றது. அதில் ஒரு கோல் ஸ்ட்ராண்டுடையது. அந்தப் பருவத்தில் கோப்பையை வென்றதும் அதே ரியல்தான்! இங்கிலாந்தில் ஏதோ ஒரு நடுத்தர அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்குத் திருப்தியாக இருந்திருக்குமோ?

பழைய பந்து: சண்டைக்கு நடுவே ஒரு திருத்தம். 1993இல் அவர் மோல்டே அணிக்கு இரவலாகப் போனார். பட்டம் 17 ஆகாமல் 16இல் நின்றதற்கு அதுதான் காரணம். இன்னொன்று, ரோசன்போர்க்கின் ஆட்டத்தை நெய்தவர் இன்னொரு நடுக்கள வீரரான பெண்ட் ஸ்காம்மெல்ஸ்ரூட். ஸ்ட்ராண்ட் ஓடியவர்.

லெர்கென்டால் ரசிகன்: 'ஓடியவர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள் ஐயா. ரோசன்போர்க் பயிற்சியாளர் எக்கெனின் 4-3-3 (நான்கு தடுப்பு, மூன்று நடுக்களம், மூன்று முன்களம்) ஆட்டத்தைப் பாருங்கள். விங்கர், அதாவது ஓரத்து முன்கள வீரர், பக்கக்கோட்டருகே முதுகைக் காட்டியபடி பந்தை வாங்குவார். அது அவர் காலைத் தொடும் முன்பே நடுக்கள வீரர் எதிரணித் தடுப்பாட்டக்காரரின் பின்னால் ஓடத் தொடங்கியிருப்பார். விங்கர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். பந்து மட்டும் அங்கே போகும். இந்தப் புரிதல் ஒரு பருவத்தில் வருவதில்லை. ஸ்ட்ராண்டின் திறமையில் பாதி, பக்கத்தில் ஆடியவர்களிடம் இருந்தது. அதைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்ற முடியுமா?

வடதிசை: இது எனக்குச் சாதகமான வாதம் அல்லவா! துணைக்கு ஆள் இருந்தால்தான் ஆடுவார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தேசிய அணிக்கு அவர் ஆடியது 42 ஆட்டங்கள். லியோனார்ட்சென் 86, ரெக்டால் 83. 1998 உலகக் கோப்பையில் பிரேசிலை வீழ்த்திய ஆட்டத்தில் தொடக்கத்தில் இறங்கினார், உண்மைதான். இடைவேளையோடு வெளியே வந்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

லெர்கென்டால் ரசிகன்: தேசிய அணியின் பயிற்சியாளர் ஓல்சென் வகுத்தது, பந்தை நெடுந்தூரம் தூக்கி அடிக்கும் நெட்டுப் பந்து ஆட்டம். எக்கென் கற்றுக்கொடுத்தது குறும்பாஸ். இரண்டும் ஒன்றா? போனவர்கள் கதையையும் பாருங்கள். ஸ்காம்மெல்ஸ்ரூட் ஜெர்மனியின் லெவர்குசென் போய் வந்த வேகத்தில் திரும்பினார். முன்கள வீரர் பிராட்பாக் ஸ்காட்லாந்தின் செல்டிக்குக்குப் போனார், பழைய கோல் மழை அங்கே பெய்யவில்லை. கடைசியில் அவரும் ரோசன்போர்க்குக்கே வந்து சேர்ந்தார்.

வடதிசை: பிராட்பாக்கை நீங்கள் இழுத்திருக்கவே கூடாது. 1998 மே மாதம், பருவத்தின் கடைசி நாளில் செயின்ட் ஜான்ஸ்டனுக்கு எதிராக அவர் அடித்த கோல்தான் செல்டிக்கின் பட்டத்தை உறுதி செய்தது. அதே கிளாஸ்கோ நகரத்து எதிரி ரேஞ்சர்ஸ் தொடர்ந்து பத்தாவது பட்டம் வெல்வதற்கும் அத்தோடு முற்றுப்புள்ளி. அந்த ஒரு கோலுக்காகக் கிளாஸ்கோவில் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். ஸ்ட்ராண்டின் பெயர் ட்ரொண்ட்ஹைமைத் தாண்டி எங்கே கேட்கிறது?

பழைய பந்து: மாட்ரிட்டில் கேட்டுப் பாருங்கள், வடதிசை.

லெர்கென்டால் ரசிகன்: அதோடு 2010ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது வயது, கடைசிப் பருவம். லீகில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் ரோசன்போர்க் சாம்பியன். சொகுசு தேடுபவர் அந்த வயதில் பயிற்சிக்கு வரமாட்டார்.

வடதிசை: பயிற்சிக்கு வந்ததை நான் மறுக்கவில்லை. அங்கேயே வந்தார் என்பதுதான் என் குறை.