சவுடு எடுத்த நிலத்துல புல் பிடிக்கல, சீமைக் கருவேலம்தான் வருது

வணக்கம். மணலி புதுநகர் தாண்டி மீஞ்சூர் பக்கம், 2 ஏக்கர். சவுடு (பள்ளம் நிரப்பும் மண்) எடுத்துவிட்ட இடம், மேல்மண் சுத்தமா கிடையாது. மேய்ச்சல் நிலமாக்கணும். மண் பரிசோதனையில் பிஎச் 8.9, மாற்று சோடியம் (மண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியம்) 19 சதவீதம், கரிமச்சத்து 0.2 சதவீதம். மழை பெய்து காய்ந்தால் மேலே அப்பளம் மாதிரி ஓடு கட்டுது. நகத்தால் பெயர்த்தா அடியில் முளை வெள்ளையா மடங்கிக் கிடக்குது.

போன ஆடியில் சீமைக் கருவேலத்தை ஜேசிபி வைத்து ஒரு அடி ஆழத்துக்கு வேர்க்கட்டையோடு எடுத்தாச்சு. தரையோடு வெட்டின ஓரத்தில் மட்டும் திரும்பத் துளிர்த்தது. ஏக்கருக்கு 1 டன் ஜிப்சம் (சோடியத்தை மண்ணிலிருந்து விடுவிக்க), 3 டன் ஆட்டு எரு போட்டேன். புரட்டாசிக் கடைசியில் கொழுக்கட்டைப் புல் 3 கிலோ, முயல் மசால் (பயறு வகைத் தீவனச் செடி) 4 கிலோ. மசால் விதையை 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிஷம் போட்டு, ராத்திரி ஊறவைத்துத்தான் விதைத்தது. பத்தில் ஒரு பங்குகூட தேறல.

எருவில்தான் முதல் தப்பு. கருவேலங்காய் தின்ற ஆட்டுப் புழுக்கை, மக்க வைக்காமல் அப்படியே இறைத்தது. விழுந்த இடமெல்லாம் கருவேலங்கன்று. கூடவே பார்த்தீனியக் களை (அதைப் பூக்கும் முன்னே ரெண்டு தடவை பிடுங்கியாச்சு). ஜிப்சம் போட்டும் தண்ணீர் தேக்கி வடிக்கல, சோடியம் அங்கேயே நிற்குதுன்னு நினைக்கிறேன்.

இந்த ஐப்பசி மழைக்கு வடிகால் வெட்டி நேரா புல்லை விதைக்கலாமா, இல்ல தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப் பயிர்) போட்டு 45 நாளில் மடக்கி உழுதுட்டு புல்லை அடுத்த வருஷத்துக்குத் தள்ளணுமா?