முகம் தெரியாத அந்த 1936 படம்: பழைய கறுப்பு வெள்ளை நிர்வாணப் படங்களை எப்படி மதிப்பிடுவது?

மாலதி:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1936-இல் எடுத்த, ‘நிர்வாணம்’ என்று மட்டும் பெயரிடப்பட்ட படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் அமர்ந்து, ஒரு காலை மடித்து உயர்த்தி, முழங்காலைக் கைகளால் வளைத்திருக்கிறார். தலை கவிழ்ந்திருப்பதால் வகிடு தெரிகிறது, முகம் தெரியவில்லை. பின்னால் இருள். நான் ஓவியம் கற்றவள். பிலிம் கேமராவைப் பற்றிய அறிவு எனக்கு மிகக் குறைவு. எனினும் இந்தப் படத்தைக் கோட்டோவியமாகப் போட்டுப் பார்த்தபோது, தோளில் தொடங்கிய கோடு கை வழியாக முழங்காலைச் சுற்றி மீண்டும் தலைக்கே வந்து முட்டை வடிவத்தில் மூடிக்கொள்வதைக் கண்டு வியந்தேன்.

வியப்பு அடங்கிய பிறகு ஓர் உறுத்தல் தொடங்கியது. இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘வடிவம்’ என்ற ஒரே சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 1927-இல் சங்கையும் 1930-இல் குடைமிளகாயையும் படம் பிடித்த அதே கண்தான் பெண்ணுடலையும் பார்த்தது என்று புகழ்கிறார்கள். ஒரு பெண்ணைக் குடைமிளகாயைப் போலப் பார்த்தார் என்பது பாராட்டா, குற்றச்சாட்டா? பிரிட்டன் ஒளிப்படக் கலைஞர் பில் பிராண்ட் 1961-இல் நூலாக வெளியிட்ட நிர்வாணப் படங்களிலும் இதே நிலைதான்: கடற்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு காது, ஒரு முழங்கை, ஒரு பாதம். இத்தகைய படங்களை ரசிக்கவும் குறை சொல்லவும் நீங்கள் எந்த அளவுகோலை வைத்திருக்கிறீர்கள்? முகம் இல்லாததை ஒரு குறையாக எண்ணுவது என் பக்குவமின்மையா?

வெள்ளியுப்பு:

மாலதி அவர்களுக்கு வணக்கம். முகத்தைப் பற்றிப் பிறகு வேறு யாராவது சொல்லட்டும். முதலில் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன்: நீங்கள் பார்த்தது எது? கைபேசித் திரையிலா, அச்சிட்ட நூலிலா, அல்லது உண்மையான பிரிண்டையா? இருட்டறையில் முப்பது ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தப் பழைய படத்தையும் மதிப்பிட முடியாது.

வெஸ்டன் இந்தப் படத்தை எடுத்தது 8×10 அங்குலத் தகட்டுப் பிலிம் போடும் பெரிய கேமராவில். அவர் என்லார்ஜர் கொண்டு பெரிதாக்கவில்லை. நெகட்டிவைத் தாளின் மேல் நேரடியாகப் படிய வைத்து ஒளி காட்டி எடுத்த காண்டாக்ட் பிரிண்ட் அது. ஆகவே ஒரு தோல் மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குச் சாம்பல் நிறம் மாறும் இடத்தில் பிலிமின் மணிகள் (பெரிதாக்கினால் தெரியும் வெள்ளித் துகள்கள்) குறுக்கே வருவதில்லை. வெளிச்சமான தோளிலிருந்து நிழலான விலாவுக்குப் போகிற வழியெல்லாம் வழுக்கிக்கொண்டு போகலாம். திரையில் அந்த வழி நான்கைந்து படிக்கட்டுகளாகச் சுருங்கிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு ‘வெறும் உருவக்கோடுதான் இருக்கிறது, உயிர் இல்லை’ என்று ஒருவர் சொன்னால், குறை படத்திலா திரையிலா என்று நான் யோசிப்பேன்.

இன்னொன்று, பிலிமின் நிற உணர்வு. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளுக்குச் சிவப்பு நிறம் கண்ணில் படாது. சிவப்பு விளக்கின் கீழேயே அவற்றைக் கழுவினார்கள். அதனால் அந்தத் தகடுகளில் உதடு கறுக்கும், சருமத்தில் உள்ள சிறு சிவப்புத் தடிப்புகூடத் தழும்பு போல எழும். பிறகு வந்த பான்குரோமாட்டிக் பிலிமில் சருமம் வெளுத்து வழவழப்பாக விழும். ‘பளிங்கு போன்ற உடல்’ என்று நாம் வியப்பதில் மாடலின் பங்கு எவ்வளவு, பிலிமின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிப் புகழுரைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

பழமைக்காகவே மதிப்பெண் போடுகிற வழக்கத்தையும் விட வேண்டும். மங்கலான லென்ஸ், பழுப்பு நிறம், ஓரம் தேய்ந்த அட்டை ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்தப் படமும் கவிதை ஆகிவிடுகிறது நம்மவர்களுக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிர்வாணப் படத்துக்கு மரியாதை தேட, அதை ஓவியம் போலக் காட்டுவதே வழி என்று நம்பினார்கள். பிராங்க் யூஜீன் என்ற ஒளிப்படக் கலைஞர் தமது ‘ஆதாமும் ஏவாளும்’ படத்தின் நெகட்டிவையே ஊசியால் கீறி, செதுக்கோவியம் போல ஆக்கினார். வெஸ்டனும் 1911-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஸ்டூடியோவில் மங்கலான படங்களைத்தான் எடுத்துப் பெயர் வாங்கினார். அந்த மங்கல் திரையைக் கிழித்துக்கொண்டு, 1932-இல் ‘எஃப் 64’ என்ற ஒளிப்படக் கலைஞர் குழுவினரோடு சேர்ந்து லென்ஸின் துளையை இயன்றவரை சுருக்கி, கண்ணுக்குத் தெரிவதைவிடவும் கூர்மையாக எடுக்கத் தொடங்கிய பிறகு வந்ததே உங்கள் 1936 படம். ஆடையை மட்டுமல்ல, மூடுபனியையும் களைந்த நிர்வாணம் என்று சொல்லலாம்.

அகிலா:

வெள்ளியுப்பு ஐயா தாளையும் பிலிமையும் விளக்கிவிட்டார். நான் அமர்ந்திருப்பவரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் படத்தைப் பற்றி நான் அறிந்த மிகச் சிறந்த விமரிசனம் அவர் எழுதியதுதான்.

அவர் பெயர் காரிஸ் வில்சன். 1914-இல் பிறந்தவர், 1934-இல் வெஸ்டனைச் சந்தித்தார், 1939-இல் மணந்தார், 1946-இல் மணவிலக்குப் பெற்றார். 1937-இல் வெஸ்டனுக்குக் கிடைத்த, கலைஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் உதவும் குகன்ஹைம் அமைப்பின் நிதிநல்கை, ஓர் ஒளிப்படக் கலைஞருக்கு அந்த அமைப்பு அளித்த முதல் நல்கை. அதற்கான விண்ணப்பத்தை விரிவாக எழுதிக்கொடுத்தவர் காரிஸ். நல்கைப் பயணத்தில் காரை ஓட்டியவரும் நாட்குறிப்பு எழுதியவரும் அவரே. 1940-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கலிபோர்னியா நூலின் உரைநடை முழுவதும் அவருடையது. ஆகவே ‘மாடல்’ என்ற சொல்லை அவருக்குப் பொருத்துகையில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தப் படம் அவர்கள் வீட்டு வெயில்தளத்தை ஒட்டிய அறைவாசலில் எடுக்கப்பட்டது. பின்னால் தெரியும் இருள், நிழலில் இருந்த அறை. முன்னால் கண் கூசும் வெயில். வெளிச்சம் தாங்காமல் காரிஸ் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியே இரு என்றார் வெஸ்டன். அவ்வளவுதான் நடந்தது. முகமின்மை, பெயரின்மை, என்றென்றைக்குமான பெண்மை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட அந்தக் கவிழ்ந்த தலைக்குக் காரணம் வெயில்.

காரிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்து எழுதியது இன்னும் சுவையானது. வலக்கையில் விழுந்த நிழல் வெஸ்டனுக்கு என்றைக்கும் திருப்தி தரவில்லையாம். காரிஸுக்கோ, கோணலாகப் போன வகிடும் கூந்தலில் தெரிந்த ஊசிகளும்தான் குறை. இவை இரண்டையும்விட அவர் நினைவில் பதிந்தது வேறொரு காட்சி. ஆபாசமானவை என்று கருதப்பட்டவற்றை அஞ்சலில் அனுப்புவது அமெரிக்காவில் 1873-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனவே, கண்ணுக்குத் தென்படக்கூடிய இரண்டொரு ரோமங்களால் பிரிண்ட் அஞ்சலில் போகாமல் நின்றுவிடுமோ என்று வெஸ்டன் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துத் துழாவிக்கொண்டிருந்தாராம். தூய வடிவம் என்று நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் படத்தை எடுத்தவர், அஞ்சல்காரரின் கண்ணால் அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

தமிழில் ‘அம்மணம்’ என்றால் வெட்கம், ‘நிர்வாணம்’ என்றால் துறவோ கலையோ என்று ஒரு பாகுபாடு நம் காதில் ஒலிக்கிறது. கலை வரலாற்றிலும் அப்படியே இரண்டாகப் பிரிப்பார்கள். கூந்தல் ஊசி அந்தப் பிரிவினையைக் கலைத்துவிடுகிறது என்பதே என் எண்ணம். ஊசி குத்திய கூந்தலோடு ஒருவர் அமர்ந்திருக்கும்போது அவர் சங்கும் அல்ல, குடைமிளகாயும் அல்ல.

தணிகை:

அகிலா அவர்கள் சொன்ன வெயில் செய்தி உண்மையே, ஆனால் அதைக் கொண்டு மாலதி அவர்களின் கேள்வியை மூடிவிட இயலாது. தலை குனிந்தது தற்செயல். அப்படியே இருக்கச் சொன்னது தற்செயல் அல்ல. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் ஓஷியானோ மணல்மேடுகளில் காரிஸை வைத்து வெஸ்டன் எடுத்த வரிசையில் முகம் தெரியும் படங்களும் உள்ளன. இருந்தும் சுவரொட்டியாகவும் நூல் அட்டையாகவும் உலகம் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுப்பது முகமற்றதை. எனவே விமரிசனம் வெஸ்டனோடு நிற்காமல் நம் ரசனைக்கும் நீள வேண்டும்.

முகம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஸ்டோரிவில் பகுதியில், விலைமகளிர் இல்லங்களில், 1912-ஐ ஒட்டி இ. ஜே. பெல்லாக் என்ற ஒளிப்படக்காரர் எடுத்த கண்ணாடித் தகடுகளை எண்ணிப் பாருங்கள். 89 தகடுகள் எஞ்சின; பிற்கால ஒளிப்படக் கலைஞர் லீ பிரீட்லாண்டர் அவற்றை வாங்கிப் பிரிண்ட் போட்டார்; அவை 1970-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. சில பெண்கள் ஆடையோடும் சிலர் ஆடையின்றியும் இருக்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள், ஒருத்தி கோடு போட்ட காலுறையோடு மதுக்கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்னணித் திரை போதாமல் சுவரும் துணிக்கொடியும் உள்ளே நுழைந்துவிடுகின்றன. சட்டக ஒழுங்கு பார்க்கிறவர் இவற்றைத் தேர்ச்சியற்றவை என்று தள்ளிவிடலாம். எனக்கோ, அந்தப் பெண்கள் கேமராவோடு பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் அதே தகடுகள் சிலவற்றில் முகம் இருந்த இடம் கறுப்பாகச் சுரண்டப்பட்டிருக்கிறது. அது வெயிலுக்குக் குனிந்த தலை அல்ல. யார் சுரண்டியது, அந்தப் பெண்ணைக் காப்பாற்றவா அழிக்கவா என்பது இன்றும் வாதம். அவர்களில் எவரும் காரிஸைப் போல ‘என் வகிடு கோணல்’ என்று எழுதி வைக்கவில்லை.

பிராண்டைப் பற்றி ஒரு சொல். அவர் கையாண்டது பழைய மரப்பெட்டி கோடாக் கேமரா; குற்றம் நடந்த அறையை ஒரே படத்தில் அடக்கக் காவல்துறையினர் வைத்திருந்த வகை. அகன்ற கோணமும் மிகச் சிறிய துளையும் கொண்ட லென்ஸ், அருகில் இருப்பதைப் பூதாகரமாக்கி அறையின் கோடியைக் குகையாக்கிவிடும். லண்டன் அறைகளில் எடுத்த முதற்படங்களில் இந்தக் கோணல் ஒரு தனிமையைச் சொல்கிறது; நாற்காலியும் கதவும் உடலைப் பார்த்துப் பயப்படுவது போல இருக்கும். கடற்கரைப் படங்களில் பல, என் பார்வையில், விடுகதைகள்: முதலில் பாறை என்கிறோம், பிறகு முழங்கால் என்கிறோம், விடை தெரிந்ததும் பக்கத்தைப் புரட்டுகிறோம். பிற்காலப் பிரிண்டுகளில் நடுச் சாம்பலை எரித்துக் கறுப்பையும் வெளுப்பையும் மட்டும் விட்டது இந்தப் புதிரை இன்னும் தட்டையாக்கியது. இதை மறுப்பவர்கள் நிறைய உண்டு என்பதையும் அறிவேன்.

ஆண் பெண்ணைப் பார்த்த கதை மட்டுமே இது என்று எண்ணிவிடவும் வேண்டாம். இமோஜன் கன்னிங்ஹாம் என்ற பெண் ஒளிப்படக் கலைஞர் 1915-இல் ரெய்னியர் மலைப்பகுதியில் தம் கணவரை ஆடையின்றிப் படம் பிடித்தபோது சியாட்டில் நகரில் எழுந்த கூச்சல், ஒரு பெண் எடுத்த படத்துக்கு வேறு விதி இருந்ததைக் காட்டியது.

மாலதி:

மூவருக்கும் நன்றி. நேற்று நூலகத்தில் நல்ல தாளில் அச்சான தொகுப்பு ஒன்றை எடுத்து, நானும் வெஸ்டனைப் போல உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். ஊசி இருக்கிறது. வகிடும் சற்றுக் கோணல்தான். அதைக் கண்டபின் என் முட்டை வடிவக் கோடு தன் அதிகாரத்தை இழந்துவிட்டது. கண் முதலில் தலைமுடிக்குப் போய், பிறகே தோளுக்கு வருகிறது. இதற்கு முன் பார்த்தபோது தோளில் தொடங்கினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

தணிகை அவர்களின் மறுப்பையும் ஏற்கிறேன். இருக்கச் சொன்னவர் வெஸ்டன், இருந்தவர் காரிஸ். இருவருக்கும் இருவேறு குறைகள் அந்த ஒரே பிரிண்டில் தெரிந்தன என்பதே எனக்குப் பெரிய செய்தியாக இருக்கிறது. பெல்லாக்கின் படங்களை இனித்தான் பார்க்க வேண்டும். ஒரு சிறு ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது: வலக்கை நிழலில் வெஸ்டன் கண்ட குறை என்ன? எனக்கு அது உறுத்தவே இல்லை.

வெள்ளியுப்பு:

நிழல் விழுந்த இடத்தில் கையின் விளிம்பு ஒரே சீராக ஓடாமல் நடுவில் தடைபடுகிறது. நீங்கள் வரைந்த அந்த முட்டைக் கோட்டை அவரும் மனத்தில் வரைந்திருப்பார். அது மூடிக்கொள்ள வேண்டிய பாதையில் ஒரு முடிச்சு விழுந்தால் அவருக்குப் பொறுக்காது. பிரிண்ட் போடும்போது அந்த இடத்தைக் கையால் மறைத்துச் சற்று வெளிச்சப்படுத்தலாம். இருட்டறையில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதிகம் மறைத்தால் சாம்பல் பூசியது போல ஆகிவிடும்.

என்னைக் கேட்டால், அவர் எண்ணம் தவறு என்பேன். அந்த நிழலை எடுத்துவிட்டால் கை தட்டையாகி, நண்பகல் வெயிலில் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதற்கான சாட்சி போய்விடும். தலை ஏன் குனிந்தது என்பதற்கு அகிலா அவர்களின் விளக்கத்தைப் படிக்காதவருக்கும், படத்துக்குள்ளேயே இருக்கும் ஒரே குறிப்பு அந்த நிழல்தான்.