கடலோர ஊருக்கு வெள்ளத் திட்டம் எழுதுகிறோம்: கல் கொட்டுவதா, வேறு வழி இருக்கிறதா?

உப்பங்கழி_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டம், தென்பெண்ணை கடலில் சேரும் பக்கத்தில் ஒரு மீனவ ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், இந்த விஷயத்தில் ஏற்கெனவே ஊருக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது. புயல், வெள்ளம், கடல் அரிப்பு மூன்றுக்கும் சேர்த்து ஒரு திட்டம் எழுதிக் கொடுங்கள், கிராம சபையில் தீர்மானம் போட்டு வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். படித்த பையன் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் படித்தது பி.காம்.

நாட்டார்கள், அதாவது ஊர்த் தலைவர்கள், கேட்பது ஒன்றே ஒன்றுதான். கரை முழுக்கக் கல் கொட்ட வேண்டும், முடிந்தால் கடலுக்குள் நீளும் கல் சுவர், தூண்டில் வளைவு என்பார்களே, அது இரண்டு. பக்கத்து ஊருக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை என்பது வாதம். 2004 சுனாமியைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள், கடலை நினைத்துப் பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் 2024 டிசம்பரில் நடந்தது வேறு. பெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, தென்பெண்ணையில் மேலே இருக்கும் சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்களே, அதற்கப்புறம் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் ஆயா திண்ணையில் உட்கார்ந்தபடியே விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “உப்பு கரிக்கலடா, இது ஆத்துத் தண்ணி” என்றது. கடல் எதிரில் 200 மீட்டரில் இருக்கிறது, அந்தத் தண்ணீர் அங்கே போய்ச்சேர இரண்டு நாள் ஆனது.

என் கேள்வி இதுதான். வெள்ளம் மேற்கிலிருந்து வரும்போது கிழக்கே கல் கொட்டி என்ன ஆகப்போகிறது? இதை நாட்டார் முன்னால் சண்டை வராமல் எப்படிச் சொல்வது? அப்புறம், கடல் மட்டம் உயர்கிறது என்கிறார்களே, திட்டத்தில் என்ன கணக்கு எழுதலாம்?

பழைய_சர்வேயர்:

தம்பி, உங்கள் ஆயாவைத்தான் திட்டம் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். நான் முப்பது வருடம் லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு கடலோரத்தில் அலைந்தவன். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்க்காமல் எழுதிய எந்தத் திட்டமும் எனக்குத் தெரிந்து உருப்பட்டதில்லை.

உங்கள் ஊர் இருப்பது ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் முதுகு மேல். மேற்கே ரோடு போட்டு உயர்த்தியிருப்பார்கள், அதுவே ஒரு கரை மாதிரி நிற்கும். சிறுபாலங்களில் பாதி அடைத்திருக்கும். எதிர்ப்பக்கம் முகத்துவாரம் கோடையில் மணல் மூடிக் கிடக்கும். முன்பெல்லாம் ஐப்பசிக்கு முன்னால் ஊரே சேர்ந்து மண்வெட்டியோடு போய் ஒரு வாய்க்கால் கீறி விடுவார்கள், மீதியை ஆறே அறுத்துக்கொள்ளும். இப்போது ஜேசிபிக்கு டெண்டர் விட்டு, அது முடியும்போது பாதி மழை முடிந்திருக்கும். திட்டத்தில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: முகத்துவாரத்தை யார் பார்ப்பது, எந்தத் தேதிக்குள் வெட்டுவது, எந்தக் கணக்கில் செலவு. செலவும் குறைவு, பலன் அந்த வருடமே தெரியும்.

கடல் மட்டத்துக்கு வருகிறேன். ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி அறிக்கையில் உலக சராசரி 1901 முதல் 2018 வரை 20 செ.மீ. உயர்ந்ததாகவும், 2006-க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகம் என்றும் இருக்கிறது. 25 வருடத்துக்குப் பெருக்கினால் 9 செ.மீ. சொச்சம், ஒரு சாண்கூட இல்லை. இதற்கா இவ்வளவு பேச்சு என்று நாட்டார் சிரிப்பார்கள். அந்த வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பது ஒரு பக்கம். இன்னொன்று, உங்கள் மாதிரித் தட்டையான ஊரில் தெருவுக்கும் கடலுக்கும் மொத்த வாட்டமே கொஞ்சம்தான். நம் பக்கம் ஓதம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் ஏறி இறங்கும், கடல் வற்றும் அந்தச் சில மணி நேரத்தில்தான் வெள்ளம் வடியும். அடிமட்டம் அரைச் சாண் ஏறினால் வடிகிற நேரம் சுருங்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் புயல் வந்தால் சொல்லவே வேண்டாம், கடல் தண்ணீர் வடிகால் வழியாக உள்ளே வரும். அதனால் புதிதாக வடிகால் போடும்போது வாயில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு வையுங்கள், அதற்கு எண்ணெய் விடும் ஆளின் பெயரையும் திட்டத்திலேயே எழுதுங்கள். கதவு துருப்பிடித்துத் திறந்தபடியே நிற்பதைப் பத்து ஊரில் பார்த்துவிட்டேன்.

வடசென்னைக்காரன்:

கல்லைப் பற்றி நான் சொல்கிறேன், நாங்கள் மூன்று தலைமுறையாகக் கல்லோடு வாழ்கிறோம். தெற்கேயிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்போம். வருடத்தில் பெரும்பகுதி அதுதான் மணலைத் தூக்கிக்கொண்டு போகிறது, வாடைக் காலத்தில் கொஞ்ச நாள் திரும்பி ஓடும். சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் கட்டியதும் மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. புதுச்சேரியிலும் அதே கதை. 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்தது, நகரத்துக் கடற்கரையே காணாமல் போய் வெறும் கல்தான் மிச்சம். அங்கே கல் போட்டதும் அரிப்பு வடக்கே நகர்ந்து சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்களுக்குள் போய்விட்டது. நீங்கள் தூண்டில் வளைவு வாங்கினால் உங்களுக்கு வடக்கே இருக்கும் ஊர்க்காரன் அடுத்த வருடம் மனு எழுதுவான். அவன் உங்கள் ஊருக்குச் சம்பந்தி முறையாகத்தான் இருப்பான், அது வேறு.

புதுச்சேரியில் 2018-இல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு வைத்து மணலைத் திரும்ப வரவழைத்தது. அது நல்ல உதாரணம், ஆனால் ஒரு ஊராட்சி செய்கிற வேலை இல்லை.

இன்னொரு விஷயம் யாருமே யோசிப்பதில்லை. கல் கொட்டிய கரையில் அலை மோதித் திரும்பும்போது அடியில் இருக்கும் மணலை வாரிக்கொண்டு போகும். அப்புறம் படகை எங்கே ஏற்றுவது, கரைவலையை எங்கே இழுப்பது, கருவாடு எங்கே காயப்போடுவது? எங்கள் பக்கம் பெண்கள் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்துக் காயப்போடுகிறார்கள்.

கல்_கரைக்காரி:

மேலே எழுதிய அண்ணனுக்கு: எல்லாம் சரி, ஆனால் எங்கள் தெருவில் கல் கொட்டாமல் இருந்திருந்தால் இதை எழுத எனக்கு வீடு இருந்திருக்காது. எங்களுக்குக் கிழக்கே இரண்டு வரிசை வீடு இருந்தது, இப்போது நாங்கள்தான் முதல் வரிசை. கல்லுக்குப் பதில் மணல் மேட்டை வளருங்கள், அதன் மேல் கொடியை வளருங்கள் என்று வகுப்பெடுக்கிறவர்கள், மேடே இல்லாத ஊரில் என்ன செய்வது என்று சொல்வதில்லை. தம்பி, உங்கள் ஊரில் மேடு இன்னும் இருந்தால் கல் வேண்டாம், நானே சொல்கிறேன். போய்விட்டது என்றால் கல் கேட்பவர்களைத் திட்டாதீர்கள்.

பழைய_சர்வேயர்:

அம்மா சொல்வது நியாயம். வாசலுக்கு அலை வந்த பிறகு கல்தான். வருவதற்கு முன்னால் என்றால் கேள்வியே வேறு. மணல் மேடு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் முதல் வகைப் பாதுகாப்பில் வருகிறது, ஆனால் வரைபடத்தில் குறித்திருந்தால்தான் அதைக் காட்டிப் பேச முடியும். தம்பி, உங்கள் வரைபடத்தில் மேடு, முகத்துவாரம், படகு நிறுத்தும் இடம், வலை காயும் இடம் எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேட்டுக்கடியில்தான் நல்ல தண்ணீர் நிற்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதந்தபடி இருக்கும், மேட்டை வழித்துவிட்டால் ஊற்றும் கைப்பம்பும் சேர்ந்து உப்பாகும்.

வேதாரண்யத்து_அக்கா:

எல்லாரும் கல்லையும் மணலையும் பேசி முடித்தாயிற்று, இனி ஆள் எப்படித் தப்பிப்பது என்று பேசலாமா?

எங்கள் பக்கம் நாலுவேதபதி என்று ஒரு ஊர். 2002-இல் ஒரே நாளில் 80 ஆயிரத்துக்கு மேல் கன்று நட்டு கின்னஸில் ஏறினார்கள், சுனாமியில் அந்தத் தோப்பு ஊருக்குப் பெரிய அரணாக நின்றது. அதற்காகச் சவுக்கு மட்டும் நட்டால் போதும் என்று நினைக்காதே தம்பி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வந்தபோது தென்னையும் சவுக்கும் தீக்குச்சி மாதிரி முறிந்து ரோட்டில் குறுக்கே கிடந்தன, ஆம்புலன்ஸ் வரவில்லை. பனையைத்தான் அதிகம் நிற்கப் பார்த்தேன். மேட்டுக்கு அடப்பங்கொடி, இராவணன் மீசை, பின்னால் தாழை, அதற்கும் பின்னால் பனை, புன்னை, பூவரசு. தப்பிக்கப் போகும் வழியில் மட்டும் பெரிய மரம் வேண்டாம்.

அப்புறம் புயல் பாதுகாப்பு மையம். கட்டடம் நன்றாகத்தான் இருக்கும். போகத்தான் மாட்டார்கள். ஏன் என்று எங்கள் மகளிர் குழுவில் கேட்டோம். கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை. ஆட்டை விட்டுவிட்டு வர முடியாது. சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. ஆண்கள் எஞ்சினைக் கழற்றி மேட்டில் வைக்காமல் நகர மாட்டார்கள், வீட்டுக்காரர் வராமல் மாமியார் நகர மாட்டார், மாமியார் இல்லாமல் மருமகள் எப்படிப் போவாள்? எஞ்சின் வைக்க மையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டோம், அடுத்த புயலுக்குப் பாதி ஊர் தானாக வந்தது. இதை எந்த அதிகாரியும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

சுனாமிக்கு அப்புறம் எங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த இடம் பள்ளம். பழைய ஓடையைத் தூர்த்த இடம். கடலுக்குப் பயந்து உள்ளே போனோம், மழைக்கு மழை முழங்காலளவு நிற்கிறது. உங்கள் திட்டத்தில் வீட்டு மனை பற்றி ஏதாவது வந்தால், அந்த நிலத்தின் பழைய பெயரை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். தாங்கல், ஓடை, பள்ளம் என்று பெயர் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

உப்பங்கழி_தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாட்டாரிடம் நான் நேராகப் பேசவில்லை. 2024-இல் தண்ணீர் நின்ற உயரத்தை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் நீலப் பெயிண்டால் கோடு போடலாம் என்று மட்டும் கேட்டேன், சரி என்றார்கள். நேற்றுச் சாயங்காலம் ஐந்தாறு பையன்களோடு போட்டோம். ரேஷன் கடை சுவரில் என் இடுப்புக்கு வந்த கோடு கடலை ஒட்டிய கடைசித் தெருவில் கணுக்காலுக்குத்தான் வருகிறது. மேடு அந்தத் தெருவில்தான் மிச்சம் இருக்கிறது. கூட வந்த நாட்டார் ஒருவர் கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்போ மேக்கால இருக்குற அந்த அடைச்ச பாலத்த மொதல்ல எழுதுடா, கல்லையும் கடைசியில ஒரு வரி எழுதி வை” என்றார். எழுதி வைக்கிறேன்.

சர்வேயர் ஐயா, சாத்தனூரில் திறந்தால் எங்களுக்குத் தகவல் வர ஒரு வழி வேண்டும். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கு நாங்கள் கூப்பிடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், ஆற்றங்கரையில் மேலே இருக்கும் நான்கு ஊர்களில் ஆளுக்கு ஒருவர் வைத்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கலாம் என்று இருக்கிறேன். பாலத்துத் தூணில் அடிக்கணக்குக் குறிக்க வேண்டும், அதற்கு யாரிடம் அனுமதி கேட்பது? ஆயா கேட்கிறது, அந்தப் பாலத்தில் குறிக்கப் பெயிண்ட் மிச்சம் இருக்கிறதா என்று. இருக்கிறது, அரை டப்பா.