கியோட்டோவில் கைசெகி: சாப்பிட்டவர்கள் சொன்னது

ஒசாகாவாசி:

கைசெகி, அதாவது சின்னச் சின்னத் தட்டுகளாக வரிசையில் வரும் ஜப்பானிய விருந்து, என்றாலே "பொம்மைச் சாப்பாடு, பத்துத் தட்டு வைத்தாலும் வயிறு நிறையாது" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தாராளமாக நிறையும். கடைசியில் வரும் சோற்றுக்கு இடம் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம்.

எனக்கு வேலை ஒசாகாவில். ஒரு ஜூலை மாதம், கியோட்டோவில் கியோன் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம், எங்கள் புச்சோ, அதாவது துறைத் தலைவர், எங்களில் சிலரை அங்குள்ள ஒரு பழைய ரியோதெய்க்கு அழைத்துப் போனார். தனித்தனி அறைகளும் தோட்டமும் கொண்ட பாரம்பரிய விருந்து வீடு அது. இந்த மாதிரி இடங்கள் சிலவற்றில் முன்பின் தெரியாதவர்களை ஏற்க மாட்டார்கள். பழைய வாடிக்கையாளர் யாராவது சொல்லி அனுப்ப வேண்டும். பந்தா என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் சாப்பிட்ட அன்றே பணம் வாங்கும் வழக்கம் இல்லை, கணக்கு பிறகுதான் வீட்டுக்குப் போகும், அதனால் வருபவர் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்று புச்சோ விளக்கினார்.

கிளம்பும் முன்பே சொல்லிவிட்டார்: சென்ட் போடாதே, சாக்ஸ் போட்டுக்கொண்டு வா. தாதாமி பாயில் வெறுங்காலோடு நடப்பது மரியாதை இல்லை. அவர் தன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அரக்குப் பூசிய கிண்ணங்களில் கீறல் விழக்கூடாதாம்.

போனபோது வாசல் தெளித்திருந்தது. எல்லாம் தயார், உள்ளே வரலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். அறைக்குள் ஓவியச் சுருள் தொங்கும் மாடத்துக்கு முன்னால் இருப்பது முதல் மரியாதைக்குரிய இடம். அங்கே நாமாகப் போய் உட்காரக் கூடாது, சொல்லும் வரை நிற்க வேண்டும். மேசைக்கு அடியில் காலைத் தொங்கப்போடக் குழி இருந்ததால் முழங்கால் தப்பித்தது.

முதலில் ஒரு வாய்க்கு ஏதோ வந்தது. அப்புறம் ஹசுன். சுமார் 24 சென்டிமீட்டர் சதுரமான தேவதாருத் தட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் என்று அந்தப் பருவத்தை அடுக்கி வைப்பார்கள். எல்லாரும் படம் எடுத்துப் போடுவது இதைத்தான். எனக்கு இதில் அவ்வளவு ஈடுபாடு வரவில்லை. கண்ணுக்கு இருந்த அளவு நாக்குக்கு இல்லை. அடுத்து வந்த பச்சை மீன் துண்டுகள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் அதற்காகக் கியோட்டோ வர வேண்டியதில்லை.

அப்புறம்தான் கிண்ணம் வந்தது. கைசெகியின் உயிரே இதுதான் என்பது என் முடிவு. சமையல்காரரின் கையை இதை வைத்துத்தான் அளக்கிறார்கள். கறுப்பு அரக்குக் கிண்ணம், மேலே மூடி. உள்ளே சூடு இருப்பதால் மூடி இறுகப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் வராது. இடது கையால் கிண்ணத்தின் இரண்டு பக்கத்தையும் லேசாக அமுக்கினால் விளிம்பில் காற்று புகுந்து மூடி விட்டுக்கொடுக்கும். மூடியின் உட்புறத்தில் பொன்னிறத்தில் ஓடையும் நாணலும் வரைந்திருந்தார்கள், அதன் மேல் ஆவி பொடிப்பொடியாக வியர்த்திருந்தது. சென்ட் வேண்டாம் என்று ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் விளங்கியது. மூடி திறந்த அந்த ஒரு நொடியில் வரும் வாசனைக்காகத்தான் மூடியே போடுகிறார்கள்.

உள்ளே தெளிந்த ரசத்தில் ஒரு துண்டு ஹாமோ, மேலே யூசு என்கிற எலுமிச்சை வகைப் பழத்தின் பச்சைத் தோல் ஒரு சீவல். ஹாமோ என்பது கடல் விலாங்கு வகை மீன். கியோட்டோ கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர். குளிர்பெட்டி இல்லாத காலத்தில், கோடை வெயிலிலும் உயிரோடு வந்து சேரக்கூடிய மீன்களில் இது முக்கியமானது. அதனால்தான் கியோன் திருவிழாவுக்கு ஹாமோ திருவிழா என்றே ஒரு பெயர் உண்டு. ஆனால் சதை முழுக்க நுண்ணிய முள், எடுத்து மாளாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கனமான தனிக் கத்தியால், கீழே தோல் அறுபடாமல், சதையை மட்டும் நெருக்கமாக அரிகிறார்கள். மூன்று சென்டிமீட்டருக்கு 24 வெட்டு விழ வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அரியும்போது முள் அறுபடும் சரசரப்பு காதில் விழும். பிறகு மாவு தடவி வெந்நீரில் போட்டால் சதை விரிந்து வெள்ளைப் பூவாக மலர்ந்துவிடும். வாயில் முள் இருந்த சுவடே தெரியாது.

ரசத்தை முதலில் உறிஞ்சியதும் உப்புக் குறைவு என்றுதான் தோன்றியது. இரண்டு மூன்று வாய்க்குப் பிறகு சரியாக இருந்தது. கிண்ணம் காலியாகும்போது உப்பு நிறைவாகத் தெரிய வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் சேர்க்கிறார்கள். அடிப்படை தாஷி என்கிற சாறு. ஹொக்கைதோவிலிருந்து வரும் கொன்பு கடற்பாசியைக் கொதிக்க விடாமல் ஊறவைத்து எடுத்து, அதில் கட்சுவோபுஷி சீவலைப் போட்டு உடனே வடிக்கிறார்கள். கட்சுவோபுஷி நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே சூரை மீன்தான், இவர்கள் புகையிட்டுப் பூஞ்சையும் ஏற்றிக் கட்டையாக்கிவிடுகிறார்கள். கியோட்டோவின் தண்ணீர் மென்னீர் என்பதால் கொன்புவின் சாரம் நன்றாக இறங்கும். அந்தச் சாரத்தில் ருசி தருவது குளுட்டமேட் என்கிற பொருள் என்று 1908இல் கண்டு சொன்ன வேதியியலாளர் இகேதா கிகுனாயே கியோட்டோவில் பிறந்தவர்தான்.

நடுவில் வந்தவற்றில் ஆயு மீன் மட்டும் சொல்ல வேண்டும். உப்புத் தடவிச் சுட்ட சின்ன ஆற்று மீன், நீந்துகிற மாதிரி வளைத்துக் கம்பியில் குத்திச் சுடுகிறார்கள். தலையோடு, கசக்கும் குடலோடு அப்படியே தின்ன வேண்டும். பாகற்காய் தின்று வளர்ந்தவனுக்கு அது பெரிய விஷயமில்லை. பக்கத்தில் இருந்த தோக்கியோக்காரர் குடலை ஒதுக்கினார்.

கடைசியில் மண்சட்டியில் சோறு, ஊறுகாய், மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுதில் செய்த கருஞ்சிவப்பு சூப். தேநீர் விருந்துக்கு முன் பரிமாறும் பழைய கைசெகியில் சோறு முதலிலேயே ஒரு பிடி வருமாம். இந்த விருந்து வகையில் மது முதலில், சோறு கடைசியில். பரிமாறிய அம்மா சட்டியின் அடியைச் சுரண்டிக் காந்தலையும் வைத்தார். வேண்டுமா என்று கேட்காமலே. மீந்த சோற்றை உருண்டை பிடித்து இலையில் கட்டிக் கையில் கொடுத்தும் அனுப்பினார்கள்.

போகிறவர்களுக்கு: கிண்ணத்தைக் கையில் தூக்கிக் குடிப்பதுதான் அங்கே முறை, குனிந்து குடித்தால் தப்பு. சோற்றில் குச்சிகளை நட்டு வைக்காதீர்கள், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றாதீர்கள். இரண்டும் சாவு வீட்டுச் சடங்கு. டிப்ஸ் கிடையாது. பெயர் பெற்ற இடங்களில் இரவு 20,000 யென்னுக்கு மேலேதான் ஆரம்பம், அதற்கு மேல் சேவைக் கட்டணமும் 10 சதவீத வரியும். சொந்தக் காசு என்றால் மதியம் போங்கள். பல இடங்களில் பாதிக்கும் குறைவு, அதே அடுப்பு, அதே தாஷி.

சைவப் பயணி:

மேலே எழுதியவர் உயிர் என்று சொன்ன கிண்ணம்தான் எங்களுக்கு வினை. நானும் அம்மாவும் கியோட்டோ போனபோது ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் எங்களுக்காக ஒவ்வொரு கைசெகி கடையாகப் போன் போட்டார். மீன் வேண்டாம், கறி வேண்டாம் என்றதற்கு "சரி, செய்யலாம்" என்றவர்கள், தாஷியிலும் மீன் கூடாது என்றதும் "மன்னிக்கவும்" என்றார்கள். அதைத் திமிர் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவித்த பூசணிக்காய், முட்டைக் கலவை, கீரை, சாஸ், எல்லாவற்றிலும் அந்தச் சாறு இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அன்றைய சமையலையே மாற்ற வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டு ஏமாற்றுவதை விட மறுப்பது எவ்வளவோ மேல். சில இடங்களில் "மீன் துண்டு இல்லை" என்பதையே சைவம் என்று நினைத்துப் பரிமாறுகிறார்கள், ஜாக்கிரதை.

எங்களுக்குக் கைகொடுத்தது புத்த மடத்துச் சமையலான ஷோஜின். கியோட்டோவின் அராஷியாமா பகுதியில் தென்ரியூஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே ஷிகெட்சு என்று ஒரு உணவகம் இருக்கிறது. மதியம் மட்டும்தான். தாதாமி கூடத்தில் சிவப்பு விரிப்பு, வரிசையாக உட்கார வேண்டும், ஆளுக்கொரு தட்டு முன்னால். அம்மா மேசை நாற்காலியைத் தேடவே இல்லை, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தாஷி கொன்புவும் காய்ந்த ஷீத்தாக்கே காளானும் போட்டுச் செய்தது. வெங்காயமும் பூண்டும் கிடையாது. துறவிகளின் மனத்தைக் கிளப்பிவிடும் என்று விலக்கியிருக்கிறார்கள்.

அம்மாவுக்குப் பிடித்தது எள் தோஃபு. பெயர்தான் தோஃபு, சோயா இல்லை. எள்ளை விழுதாக அரைத்து, குட்ஸு என்கிற கிழங்கு மாவோடு கைவிடாமல் கிளறி உறைய வைப்பது. மேலே வசாபி என்கிற காரப் பச்சை விழுது ஒரு துளி. அம்மா அதைப் பொறுமையாக ருசித்துவிட்டு, "கிளறின கைக்கு வலி எடுத்திருக்கும்" என்றார். சமைக்கிறவர் சமைக்கிறவரைப் பாராட்டுவது இப்படித்தான். யுபா என்கிற சோயாப் பால் ஆடையும், கோதுமைப் புரதத்தில் செய்த நமாஃபுவும் எனக்குப் பிடித்தன. அந்த வசாபித் துளியைத் தவிரக் காரம் என்று எதுவும் இல்லை, தயிரும் வராது. அம்மா கைப்பையைத் திறந்து மோர் மிளகாயை எடுக்கப் பார்த்தார், நான் தடுத்துவிட்டேன்.

கைசெகியின் வரிசைமுறையிலும் பருவத்தைத் தட்டில் வைக்கும் பழக்கத்திலும் இந்த மடத்துச் சமையலின் சாயல் நிறைய உண்டு. அதனால் சைவக்காரர்கள் இதை மாற்று ஏற்பாடாக நினைக்க வேண்டாம். முன்பதிவு அவசியம். கோயில் தோட்ட நுழைவுக் கட்டணம் தனி.

பனிக்காலப் பைத்தியம்:

இரண்டு பேரும் கியோட்டோவிலேயே நின்றுவிட்டீர்கள். கைசெகியைக் கடையில் சாப்பிடுவதை விட ரியோகான் விடுதியில் சாப்பிடுவதுதான் நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபம். அறிமுகம் தேவையில்லை, அறை வாடகையிலேயே இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்ந்துவிடும். வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு யுகாதா உடையோடே வந்து உட்காரலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நான் போனது இஷிகாவா மாநிலத்தில் காகா பக்கத்து யமாஷிரோ ஊற்று ஊர். மட்பாண்டக் கலைஞராகவும் சமையல் மேதையாகவும் பின்னாளில் பெயர் வாங்கிய கிதாவோஜி ரோசன்ஜின் 1915இல் இங்கே தங்கிப் பெயர்ப்பலகைகள் செதுக்கியிருக்கிறார், அந்த வீட்டை இன்றும் பார்க்கலாம். குதானி பீங்கானும் யமனாகா அரக்குப் பாத்திரமும் இந்த வட்டாரத்திலேயே செய்வதால் சாப்பாட்டுக்குச் சமமாகப் பாத்திரமும் பேசும்.

ஜப்பான் கடலில் பனி நண்டுப் பிடிப்பு நவம்பர் 6இல் திறக்கும். ஆண் நண்டு மார்ச் வரை கிடைக்கும். பெண் நண்டு டிசம்பரோடு சரி. உருவத்தில் சின்னது, ஆனால் உள்ளே சினை. ஓட்டுக்குள்ளேயே சதையையும் சினையையும் பிரித்து அடுக்கிக் கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால் பெரிய ஆண் நண்டை விட இதுதான் ருசி, விலையும் குறைவு. இதற்காகவே டிசம்பர் பாதிக்குள் போகச் சொல்வேன்.

விடுதிக் கைசெகியில் இருக்கும் ஒரே தொல்லை நேரம். ஆறு மணி அல்லது ஏழு மணி என்று முன்பே கேட்டுக்கொள்வார்கள். ஊர் சுற்றிவிட்டு எட்டரைக்கு வந்து "சாப்பாடு இருக்கா" என்றால் நடக்காது. ஒவ்வொரு தட்டும் அந்தந்த நேரத்துக்குத் தயாராவது. ஒவ்வாமையோ விலக்கோ இருந்தால் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள், தட்டு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பல இடங்களில் முழுத்தொகையும் போய்விடும். குழந்தைகளோடு போகிறவர்கள் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு கேட்டு வாங்கலாம். சில விடுதிகளில் சிறு பிள்ளைகளை அனுமதிப்பதில்லை, அதையும் பார்த்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.