மனிதன் விடும் கரிவளி நூற்றில் ஐந்துதானே?

செந்தூல்வாசி:
காடும் கடலும் மண்ணும் ஆண்டுதோறும் காற்றில் விடும் கரிவளியோடு (கார்பன் டை ஆக்சைடு) ஒப்பிட்டால், மனிதன் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து விடுவது நூற்றில் ஏறத்தாழ ஐந்து பங்குதான். காற்றில் கரிவளியின் மொத்த அளவோ 0.04 விழுக்காடு. இந்தச் சிட்டிகையைக் காட்டி, மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவனைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பிறை ஆசிரியை:
ஐயா, விகிதம் சரி. ஆனால் கணக்கில் பாதியை விட்டுவிட்டீர்கள். இயற்கை தான் விடும் அளவைத் தானே திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல், நாம் விடுவதிலும் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்கிறது. மீதிப் பாதி காற்றிலேயே சேர்கிறது. மளிகைக்கடைக் கல்லாவில் நாளொன்றுக்கு 200 வெள்ளி வந்து 200 வெள்ளி போனால் ஒன்றும் மிஞ்சாது. தினமும் 5 வெள்ளி கூடுதலாக விழுந்தால் ஆண்டு முடிவில் 1,825 வெள்ளி இருக்கும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரிவளி, ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315 ஆகியிருந்தது. இப்போது 420ஐக் கடந்துவிட்டது.

அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் தடயம் உண்டு. உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் சிறிதளவு இருக்கும். 5,730 ஆண்டுகளில் பாதியாகத் தேயும் அது, கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியில் அறவே இராது. நிலக்கரிப் புகை கலந்து காற்றில் அதன் பங்கு நீர்த்துப்போயிருப்பதை வேதியியலாளர் ஹான்ஸ் சூஸ் 1950களில் மரவளையங்களைக் கொண்டு காட்டினார். கடல்தான் விட்டது என்றால் கடல்நீரில் கரிவளி குறைந்திருக்க வேண்டும். மாறாக, கூடிக்கொண்டே போகிறது.

செந்தூல்வாசி:
கல்லாக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் 0.028 விழுக்காடு என்பது 0.042 விழுக்காடு ஆனதால் என்ன வந்துவிடும்? வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் நீராவிக்குத்தானே முதலிடம்?

பிறை ஆசிரியை:
முதலிடம் நீராவிக்குத்தான். ஆனால் அது பத்து நாள்கூடக் காற்றில் தங்காது. பிற்பகலில் கோலாலம்பூரில் இடியோடு கொட்டுவது அதுதானே. காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நீராவியைத்தான் அது தாங்கும். பூமியின் வெப்பநிலையில் கரிவளி மழையாகப் பெய்வதில்லை. ஆகவே அது கூடினால் காற்று சூடேறுகிறது, சூடேறிய காற்றில் நீராவியும் கூடுகிறது. காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் உயிர்வளியும் (ஆக்சிஜன்) தரையிலிருந்து எழும் வெப்பக்கதிரைத் தடுப்பதில்லை என்பதையும், சிறிதளவே உள்ள வளிகள் தடுக்கின்றன என்பதையும் ஜான் டின்டால் 1859லேயே தம் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டிவிட்டார்.

பத்துமலை அடிவாரம்:
ஆசிரியை அவர்களின் கணக்கில் ஒரு பேரேடு விடுபட்டுள்ளது: பாறை. கோலாலம்பூர் அருகிலுள்ள எங்கள் பத்துமலை, கடலுயிர்களின் ஓடுகள் படிந்து உருவான, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையுடைய சுண்ணாம்புக்கல். அந்த மலையே ஒரு காலத்துக் கரிவளியின் கிடங்கு. கரிவளி கலந்த மழைநீர் கல்லைக் கரைத்துத்தான் குகை உண்டானது; அதே நீர் குகைக்குள் சொட்டும்போது கரிவளியை வெளியே விட்டு, சுண்ணாம்பை விழுதாகத் தொங்கவிடுகிறது. குகைக்கோயிலுக்கு 272 படி ஏறிக் களைத்தவர்கள் அண்ணாந்து பார்த்தால் தெரியும். யுகக்கணக்கில் நடக்கும் இந்த வேலையைச் சிமெண்டுச் சூளை சில மணி நேரத்தில் முடிக்கிறது: தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரிவளி வெளியேறும், அடுப்புக்கு எரித்த எரிபொருள் தனி. வாசலில் நிற்கும் 42.7 மீட்டர் முருகனும் கான்கிரீட்தான். அவரைக் குறை சொல்ல எனக்குத் துணிவில்லை.

செந்தூல்வாசி:
அப்படியானால் மரம் நட்டால் போயிற்று. நம் மலேசியாவில் செம்பனை (எண்ணெய்ப்பனை) கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக நிற்கிறதே, அது உறிஞ்சாதா?

பிறை ஆசிரியை:
உறிஞ்சும், ஆனால் ஏறக்குறைய 25 ஆண்டுகளில் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள், சாய்ந்த மரம் மக்கி மீண்டும் காற்றுக்கே போகிறது. தொல்காட்டில் நிற்கும் கார்பனில் சிறு பங்குதான் தோட்டத்தில் நிற்கும். எல்லாவற்றிலும் மோசமானது, இலைதழை மக்காமல் நீரில் ஊறி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த கரிச்சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நடுவது. நீர் வடிந்ததும் காற்றுப்பட்டு மண்ணே மக்கிக் கரிவளியாகிறது, நிலம் ஆண்டுக்காண்டு தாழ்கிறது, காய்ந்தால் தீயும் பிடிக்கிறது. 1997இல் இந்தோனேசியாவில் அத்தகைய நிலமும் காடும் எரிந்து வெளியான கார்பன், அக்கால உலக ஆண்டு எரிபொருள் வெளியீட்டில் 13 முதல் 40 விழுக்காட்டுக்குச் சமம் என மதிப்பிட்டார்கள். அந்த ஆண்டுப் புகைமூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

செந்தூல்வாசி:
மறக்கவில்லை. சதுப்பு நிலத்தைப் பொறுத்தவரை உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் என் தாத்தா பால்மரம் (ரப்பர்) சீவிய மேட்டுநிலத் தோட்டத்தை அழித்துத்தான் அங்கே செம்பனை நட்டார்கள். அதையும் காடழிப்புக் கணக்கில் எழுதினால் மறுபடியும் இங்கே வந்து வாதிடுவேன்.