எங்கள் அம்மாவை அறிந்தவர்கள் எழுதியவை

மூத்த மகள்

எங்கள் அம்மா சென்ற தை மாதம் காலமானார். வயது 76 என்று நாங்கள் சொல்வதுகூட ஒரு தோராயக் கணக்குதான். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948ஆம் ஆண்டை, "ராசா ஆட்சி முடிஞ்ச வருசம்" என்று அம்மாச்சி குறிப்பிடுவார். அந்த வருடத்தில் அம்மா பிறந்தார் என்பதற்கு அவருடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறு பதிவு இல்லை. ஆலங்குடிக்குப் பக்கத்தில் செம்மண்ணும் முந்திரிக்காடும் சூழ்ந்த எங்கள் ஊரில்தான் அவருடைய வாழ்நாள் முழுவதும் கழிந்தது.

1980இல் அப்பா மஞ்சள் காமாலையில் இறந்தபோது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு வயது, தங்கைக்கு ஒரு வயது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் அம்மா கடலைக் கொல்லைகளில் களையெடுத்து எங்களைக் காப்பாற்றினார். 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகிலுள்ள பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எங்கள் ஊர்ப் பள்ளியிலும் மையம் திறக்கப்பட்டபோது, கணவனை இழந்த பெண்களுக்கு முன்னுரிமை என்ற விதியின்படி அம்மாவுக்குச் சமையல் உதவியாளர் வேலை கிடைத்தது. பிறகு சமையலர் ஆனார். ஆனால் ஊருக்கு அவர் கடைசிவரை "சத்துணவு ஆயா"தான்.

ஒரு குழந்தைக்கு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு என்பது கணக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கான அரிசியை அம்மா முறத்தில் அள்ளி வைத்தால், அதன்பின் தராசில் நிறுத்துப் பார்ப்பது பெயரளவுக்குத்தான் என்று அமைப்பாளரே சொல்வார். சீமைக்கருவேல விறகு மழைக்காலத்தில் நனைந்துவிட்டால், ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதி ஊதி அவர் கண்கள் மாலைவரை சிவந்திருக்கும். நான்கு மணிக்கு வீடு திரும்பியதும், மண்பானையிலிருந்து ஒரு செம்பு நீராகாரத்தை முகந்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நின்றபடியே குடிப்பார். "பள்ளிக்கூடத்துலேயே சாப்பிட்டாச்சு, அடுப்பு வெக்கைக்கு இதுதான் இதம்" என்பார். எனக்கு அம்மாவை நினைத்தால் முதலில் வருவது அந்த வெங்காய வாசனையும் அவர் தலைமுடியில் ஏறியிருந்த புகை வாசனையும்தான்.

அவர் தம்மைப் பற்றிப் பேசும் பழக்கம் இல்லாதவர். ஆகவே அவரோடு பழகியவர்கள் தங்கள் நினைவில் உள்ளதை எழுதினால், எங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சேர்த்துவைக்க விரும்புகிறேன்.

அறிவொளித் தொண்டராக இருந்தவர்

1991இல் எங்கள் மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. உங்கள் தெருவில் அரிக்கேன் விளக்கு வைத்து இரவு வகுப்பு நடத்தினேன். பகல் முழுவதும் அடுப்படியில் நின்றவர்கள் இரவில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவார்களா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. முதல் நாள் வந்து முன்வரிசையில் அமர்ந்தவர் உங்கள் அம்மாதான். சம்பளப் பதிவேட்டில் மாதாமாதம் கைநாட்டு வைக்கும்போது விரலில் ஒட்டும் மையைச் சேலைத் தலைப்பில் துடைப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

எங்கள் பாடப்புத்தகம் "பட்டா" என்ற சொல்லோடு தொடங்கும். மற்றவர்கள் எழுத்தின் வடிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் அந்தச் சொல்லை விரலால் தடவியபடி, "தாயி, எங்க கொல்லைப் பட்டாவுல யாரு பேரு இருக்குன்னு படிச்சுச் சொல்ல எத்தன நாளாகும்?" என்று கேட்டார். மறுநாளே நான் படித்துச் சொல்லியிருக்க முடியும். ஆனால் அவர் கேட்டது தாமே படிப்பதற்கு ஆகும் நாள்கணக்கு என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. நான்கு மாதம் கழித்து, நிலப் பத்திரங்கள் இருந்த தகரப்பெட்டியை வகுப்புக்கே தூக்கிக்கொண்டு வந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். கணவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியும் உங்கள் அம்மாவின் பெயர் பட்டாவில் ஏறியிருக்கவில்லை. கணவரின் உடன்பிறந்தார் பெயர் மட்டுமே இருந்தது. அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த வாரமே ஆலங்குடி வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தாமே மனு எழுதினார். அந்த மனுவில் ஒற்றுப் பிழைகளை மட்டும்தான் நான் திருத்தினேன்.

மிதிவண்டி கற்றுக்கொண்டதும் அதே காலத்தில்தான். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், மிதிவண்டிப் பயிற்சியையும் அறிவொளியின் ஒரு பகுதியாக்கியிருந்தார். 1992 மகளிர் தினத்தன்று கொடி கட்டிய வண்டிகளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஊர்வலமாகச் சென்றார்கள். எனக்கு முன்னால் சென்ற வண்டி உங்கள் அம்மாவுடையது. 44 வயதில், சேலையைக் கச்சமாக இறுக்கிக் கட்டி, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியில் அவர் சென்றதை வேலி ஓரம் நின்று சிலர் கேலி செய்தார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பாமல், கைப்பிடியை விட்டுவிடுவோமோ என்ற ஒரே கவலையில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பேரன்

தொண்டர் அம்மா குறிப்பிட்ட அந்தப் பாரில்தான் நான் வளர்ந்தேன் என்று சொல்லலாம். அம்மாச்சி ஒரு பழைய துண்டைப் பாரில் சுற்றி என்னை உட்காரவைப்பார். பின்னால் கேரியரின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடங்கள் தொங்கும். தைலமரக் காட்டை ஒட்டிய மேட்டில் மட்டும் இறங்கித் தள்ளுவார். அப்போதும் என்னை இறங்கச் சொன்னதில்லை. வழியில் தென்படும் பெயர்ப்பலகைகளை எல்லாம் சத்தமாகப் படிப்பார். எனக்கு விளையாட்டு காட்டுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். 48 வயதில் அவர் தமக்காகப் படித்துப் பார்த்திருக்கிறார்.

பழைய மாணவர்

ஆயாவின் பிள்ளைகளுக்கு வணக்கம். நான் அந்த நடுநிலைப் பள்ளியில் படித்தவன். மையம் திறந்தபோது சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டுமே சாப்பாடு. திட்டம் பத்தாம் வகுப்பு வரை விரிந்தது 1984இல்தான். 1982இல் நான் ஆறாம் வகுப்பிலும் என் தங்கை இரண்டாம் வகுப்பிலும் இருந்தோம். தங்கை தட்டேந்திப் போகும்போது நான் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் பகலில் உலை வைப்பதில்லை.

ஒரு நாள் பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு ஆயா என்னைக் கைகாட்டி அழைத்து, "அண்டா கழுவணும், தண்ணி எடுத்துக் குடு" என்றார். கொடுத்தேன். கூலி என்று சொல்லி ஒரு தட்டுச் சோறு கொடுத்தார். அடுத்த நாளும் அதே வேலை, அதே கூலி. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. பிள்ளைகளுக்கான சோறு அளந்து போடப்படுவது. அதில் மிச்சம் இருக்காது. எனக்குத் தந்தது அவர் தமக்கென்று ஒதுக்கிய பங்கு. இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டேதான் சாப்பிட்டேன், ஏனென்றால் பசித்தது. அவர் சாப்பிட்டாரா என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. இப்போது என் மகள் மருத்துவப் படிப்பு முடித்திருக்கிறாள். அவளை அழைத்துவந்து ஆயாவிடம் காட்ட வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன், வரவில்லை.

மூத்த மகள்

உங்கள் பதிவை நேற்று இரவு தம்பிக்கும் தங்கைக்கும் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அம்மா நீராகாரம் குடித்த அந்த நாட்களில், "எனக்கும் கொஞ்சம்" என்று தினமும் செம்புக்குக் கைநீட்டியவள் நான். அவர் பாதி குடித்து மீதியை எனக்குத் தந்துவிடுவார். மகளை அழைத்துக்கொண்டு அவசியம் வாருங்கள். பட்டாவில் அம்மாவின் பெயர் ஏறிய அந்தக் கொல்லையில் இப்போது பலா காய்த்திருக்கிறது.